சிறிய கணக்கு அலுவலகத்துக்கு எந்த இணையதள பிளாட்ஃபார்ம்? படிப்படியான முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் இரண்டு மேசை, மூன்று கம்ப்யூட்டர், டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஒரு லைசென்ஸ் என்ற அளவில் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். டவுண் ரதவீதியில் பாத்திரக்கடை, கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம், களக்காட்டில் வாழைத்தார் கமிஷன் மண்டி, வள்ளியூரில் ஹார்டுவேர் கடை என்று பல ஊர்ப் பார்ட்டிகள் இருக்கிறார்கள். (எங்கள் தொழிலில் வாடிக்கையாளரைப் பார்ட்டி என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) இந்த அலுவலகத்துக்காக இதுவரை மூன்று முறை இணையதளம் அமைத்திருக்கிறேன். முதலாவது கைவிட்டுப் போனது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள், இணையதளம் கட்ட உதவும் பிளாட்ஃபார்ம்களில் வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா என்று கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒரு பார்ட்டி நம்மை விட்டு வேறு கணக்காளரிடம் போக நினைத்தால், அவருடைய டேலி டேட்டாவை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம். நம்முடைய தளத்தை வைத்திருப்பவரும் நம்மிடம் அப்படிச் சொல்லும் நிலை இருக்கக் கூடாது. அழகு, வசதி, விலை ஆகியவற்றுக்கு முன்னால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால், கடையில் இருக்கும் பாதிச் சரக்கு தானாகவே கழிந்துவிடும்.

முதல் படி: தளம் யாருக்கு, எதற்கு?

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால், அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, புதிதாக அழைப்பவர்கள் கேட்பதை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். நான் குறித்த தாளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை: "அண்ணாச்சி, உங்க ஆபீஸ் எங்கன இருக்கு?", "மாசம் எவ்வளவு ஆகும்?", "பில்லை எல்லாம் நேர்ல கொண்டாரணுமா, வாட்ஸ்அப்ல போட்டாப் போதுமா?", "ஜி.எஸ்.டி.யில நோட்டீஸ் வந்திருக்கு, பார்ப்பீங்களா?" இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும் நான்கைந்து பக்கங்கள்தான் நமக்குத் தேவையான இணையதளம். ஆன்லைன் கடை, உறுப்பினர் பகுதி, தானாகப் பேசும் சாட் பெட்டி ஆகியவை இந்தத் தாளில் ஒரு முறைகூட வரவில்லை என்றால், அவற்றைக் காட்டி விலை ஏற்றும் திட்டங்களை வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

தாளில் வராத இன்னொரு பார்வையாளரும் உண்டு. கடைக்காரர் முக்கூடலிலோ திசையன்விளையிலோ இருப்பார். அவருடைய மகன் சென்னையிலோ துபாயிலோ வேலை பார்ப்பார். அப்பா கணக்கை யாரிடம் கொடுக்கப் போகிறார் என்று இரவு பத்து மணிக்குத் தேடிப் பார்ப்பவர் அந்த மகன்தான். அவருக்கு ஆங்கிலப் பக்கம் வேண்டும். அப்பாவுக்குத் தமிழ்ப் பக்கம் வேண்டும். ஆகவே இரு மொழிப் பக்கங்களைச் சிரமமின்றி வைக்க முடியுமா என்பது நமக்கு ஓர் அடிப்படைத் தகுதி.

இரண்டாம் படி: கூகுள் மேப்பில் இடம்

அக்கம்பக்கத்தில் கணக்காளரைத் தேடுபவர் முதலில் பார்ப்பது மேப்பில் வரும் பெயர்களைத்தான். எனவே கூகுள் பிசினஸ் புரொஃபைலில் அலுவலகத்தின் பெயர், முகவரி, வேலை நேரம், புகைப்படம் ஆகியவற்றைச் சேர்ப்பதை இணையதளத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். செலவு கிடையாது.

இது மட்டும் போதுமே என்று தோன்றும். அந்த புரொஃபைலுடன் சேர்த்து ஒரு பக்க இணையதளத்தையும் கூகுள் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. சிறு கடைகள் பலவும் அதையே தங்கள் தளமாக வைத்திருந்தன. 2024 மார்ச்சில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. சொந்த டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) இல்லாமல் அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களிடம் கார்டு மட்டும்தான் மிஞ்சியது.

மூன்றாம் படி: டொமைன், அதுவும் நம் பெயரில்

என் முதல் தளம் கைவிட்டுப் போனதற்கு பிளாட்ஃபார்ம் காரணம் இல்லை. தெரிந்த பையன் ஒருவன் "நானே எல்லாம் பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி, டொமைனைத் தன் மின்னஞ்சலில், தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டான். அவன் மீது குற்றம் சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டது நான்தான். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், எண்ணை மாற்றினான், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அவன் பார்க்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. வருமான வரிப் படிவங்களில் மூழ்கியிருந்த ஒரு ஜூலை மாதம் டொமைன் காலாவதியானது. காலாவதியான சில வாரங்கள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்க வழி உண்டு. ஆனால் அதைச் செய்யும் உரிமை பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான். ஆயிரம் விசிட்டிங் கார்டும் லெட்டர்பேடும் வீணாயின.

ஆகவே டொமைனை நீங்களே நேரடியாகப் பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனத்திடம்) வாங்குங்கள். பதிவில் உங்கள் பெயரும், எப்போதும் உங்களிடமே இருக்கப்போகும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். தளத்தை அமைத்துக் கொடுப்பவருக்கு வேலைக்கான அனுமதியை மட்டும் கொடுங்கள். டொமைன் ஓரிடத்திலும் தளம் வேறிடத்திலும் இருப்பது நல்லது. தளத்தை வைத்திருப்பவரோடு மனத்தாங்கல் வந்தாலும் பெயர்ப்பலகை நம்மிடம் இருக்கும், பெயர் சுட்டும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை சர்வர் இடம்) வாங்கினால் டொமைன் இலவசம் என்ற சலுகையை நான் தவிர்ப்பதற்கும் இதுதான் காரணம்.

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்த் தொழிலுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரியும் உண்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தமிழ் விசைப்பலகையை இயக்காத கைப்பேசியில் தட்டச்சு செய்வது கடினம் என்பதால் அதை இரண்டாவது முகவரியாக மட்டும் வைக்கலாம்.

பெயரில் ஊரைச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் நம் மாவட்டத்துக்கே உரியது. திருநெல்வேலியை ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் எழுதுகிறோம், போடாமலும் எழுதுகிறோம். பாளையங்கோட்டையில் நடுவே 'கே' வருமா, 'சி' வருமா என்பதற்குக் கடைக்குக் கடை விடை மாறும். போனில் ஒரு முறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றி எழுதும் பெயரே நல்ல பெயர். அந்தச் சோதனையை மூன்று பேரிடம் செய்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான்காம் படி: தளத்தில் வரக் கூடாதவை

பான், ஆதார், வங்கி அறிக்கை, கொள்முதல் பில் ஆகியவற்றைப் பார்ட்டிகள் தளத்திலேயே ஏற்றிவிட்டால் வசதி என்று தோன்றும். சாதாரணத் தொடர்புப் படிவத்தில் கோப்பு ஏற்றும் பெட்டி ஒன்றைச் சேர்த்துவிடுவதும் ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்புகள் பெரும்பாலும் ஹோஸ்டிங்கில் ஒரு ஃபோல்டரில் விழுந்து, யாரும் அழிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்; அவற்றின் நகல் மின்னஞ்சலிலும் போகும். தனிநபர் தரவுகளைக் கையாள்வோரின் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இருவர் உள்ள அலுவலகம் என்பதால் அந்தப் பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடாது.

படிவத்தில் பெயர், ஊர், தொழில், தொலைபேசி எண் ஆகிய நான்கு பெட்டிகள் போதும். ஆவணங்களுக்கு ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனியாக, அவருக்கும் நமக்கும் மட்டுமே திறக்கும் டிரைவ் ஃபோல்டர் வைக்கலாம், அல்லது கணக்கு மென்பொருளிலேயே இருக்கும் வாடிக்கையாளர் பகுதியைப் பயன்படுத்தலாம். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பிளாட்ஃபார்மிடம் நாம் கேட்பது வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஐந்தாம் படி: பிளாட்ஃபார்ம்களை எடை போடுதல்

கூகுள் சைட்ஸ்: ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், இலவசம். சொந்த டொமைனை இணைக்கலாம், பராமரிப்பு என்று எதுவும் இல்லை. வடிவமைப்பில் பெரிய சுதந்திரம் கிடைக்காது. வேறு பிளாட்ஃபார்முக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆனால் ஐந்து பக்க எழுத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட ஒரு மாலை போதும் என்பதால், இந்தக் குறையை நான் பெரிதாக எண்ணுவதில்லை. உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். 2003இல் கூகுள் வாங்கிய பிளாகரும் இதே வகையில் சேரும். மாதந்தோறும் குறிப்புகள் எழுதும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் அது பொருந்தும்.

வேர்ட்பிரஸ்: 2003இல் வெளிவந்த திறமூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது. இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்ற முகவரியில் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், அதை நாம் ஹோஸ்டிங் வாங்கி நிறுவ வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளை வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. டேலி லைசென்ஸை நாமே வாங்கி நம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும், மாத வாடகைக்கு வேறொருவர் சர்வரில் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். நாமே நிறுவிய வேர்ட்பிரஸில் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் முழுமையாகக் கீழிறக்கி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம் என்பதால், நான் தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு மிகத் தெளிவான பதில் தருவது இதுதான்.

அதற்கு விலை உண்டு. அது பணமாகக் கட்டும் விலை அன்று. மென்பொருளையும், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்' என்ற வடிவமைப்பையும், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு பிளகினையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், புதுப்பிக்காத பிளகின் வழியாகத்தான் தளத்துக்குள் திருடர்கள் நுழைகிறார்கள். நம் தொழிலின் நாட்காட்டியோ விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி, காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் தமிழ்நாட்டுப் பார்ட்டிகளுக்கு 22ஆம் தேதி என்று ஓடுகிறது. ஒரு 19ஆம் தேதி இரவு, ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்த நேரத்தில், சும்மா இருக்காமல் ஒரு பிளகினைப் புதுப்பித்துத் தொடர்புப் பக்கத்தையே வெள்ளைத்தாளாக்கினேன். அதற்குப் பிறகு 23ஆம் தேதிக்கு மேல்தான் கை வைப்பது, அதற்கு முன் பேக்கப் எடுப்பது, பிளகின்கள் ஐந்துக்கு மேல் போகாமல் பார்ப்பது என்று வரையறை வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் வேர்ட்பிரஸ், இல்லாவிட்டால் வேண்டாம்.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ்: இழுத்துப் போட்டு ஒரே மாலையில் அழகான பக்கம் செய்துவிடலாம். விக்ஸில் செய்த தளம் விக்ஸின் சர்வரில் மட்டுமே இயங்கும், வெளியே எடுத்துச் செல்ல வழி இல்லை. அதன் வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டை (தயாராக உள்ள வடிவமைப்பை) வைத்துத் தளத்தைக் கட்டிய பிறகு வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற முடியாது, புதிதாகக் கட்ட வேண்டும். இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும். அடுத்தவர் விளம்பரத்துக்குக் கீழே நின்று கணக்கை நம்பிக் கொடுங்கள் என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை. ஸ்கொயர்ஸ்பேஸில் நிரந்தர இலவசத் திட்டம் கிடையாது, சோதனைக் காலம் மட்டும் உண்டு. உள்ளடக்கத்தில் ஒரு பகுதியை வேர்ட்பிரஸுக்கு ஏற்ற கோப்பாக எடுக்கலாம். போட்டோகிராபருக்கும் திருமண மண்டபத்துக்கும் இவை நல்ல கருவிகள். நமக்கு அந்த அழகு தேவையில்லை.

சோஹோ சைட்ஸ்: தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் நம் பக்கத்தில் இதற்குத் தனி அபிமானம் உண்டு. அபிமானத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் ரூபாயில் பில், ஜி.எஸ்.டி.யுடன் வரி ரசீது என்ற இரண்டு நன்மைகள் இருக்கின்றன. ஏற்கெனவே பார்ட்டிகளின் கணக்கை சோஹோ புக்ஸில் எழுதுபவர் இதைப் பார்க்கலாம். டேலியில் மட்டும் எழுதுபவருக்கு இதில் கூடுதல் பயன் இல்லை.

ஆறாம் படி: தமிழ்ச் சோதனை

டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஆங்கிலத்துக்காகத் தைக்கப்பட்டவை. வாங்குவதற்கு முன் இலவசக் காலத்திலேயே, 'காலாண்டு ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்தல்' போன்ற நீளமான வரியைத் தலைப்பில் போட்டு, விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். வரிகளுக்கு இடையே இடைவெளி போதாமல் 'தீ', 'கீ' ஆகியவற்றின் மேற்சுழி வெட்டுப்படுகிறதா, எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளியால் சொல் சிதறித் தெரிகிறதா, பொத்தானுக்குள் சொல் அடங்காமல் வெளியே வழிகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுக்காத டெம்ப்ளேட்டை அங்கேயே விட்டுவிடலாம்.

பழைய நோட்டீஸுக்காக அச்சகத்தில் அடித்த தமிழைத் தளத்தில் ஒட்டுபவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்குவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு இல்லை; ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றிய பிறகு 'ர'வும் கால் எழுத்தும் இடம் மாறியிருக்கின்றனவா என்று வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால் முகவரியும் தமிழில் அமையும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 இடத்தைப் பிடிக்கும், முகவரிக்கு அங்கே இருப்பதோ 200 இடம்தான். இருபத்திரண்டு குறியீட்டோடு முகவரி துண்டாகிவிடும்; உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தாங்காது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது அரைப் பக்க நீளத்துக்கு வாய்பாடு போல நீளும். அதைப் பார்க்கும் பார்ட்டி வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறார்.

ஏழாம் படி: மூன்று ஆண்டுச் செலவைக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் வருவது முதல் ஆண்டின் விலை. புதுப்பிக்கும் விலை இரண்டு மூன்று மடங்காக இருப்பது ஹோஸ்டிங் வியாபாரத்தில் சாதாரணம். ஆகவே ஒரு தாளில் டொமைன், ஹோஸ்டிங் அல்லது சந்தா, டொமைன் பெயரிலான மின்னஞ்சல், பேக்கப், 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஐந்து வரி போட்டு, முதல் ஆண்டுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனிப் பத்தியில் எழுதிக் கூட்டுங்கள். மாதம் 99 ரூபாய் என்ற திட்டம், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால்தான் 99 என்பது பெரும்பாலும் இந்தத் தாளில்தான் தெரியவரும். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்க உதவும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை வழியாக அது இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல ஹோஸ்டிங்காரர்கள் தாங்களே போட்டுக் கொடுக்கிறார்கள்.

என் இரண்டாவது தளம் நின்றது பணம் இல்லாததால் அன்று, பணம் போகாததால். வெளிநாட்டுச் சேவை ஒன்றில் கார்டைப் பதிந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கார்டில் தொடர் பிடித்தங்களுக்கு முன்னறிவிப்பும் கூடுதல் உறுதிப்பாடும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது தானியங்கிப் பிடித்தம் நின்றது; நான் கவனிப்பதற்குள் தளமும் நின்றது. யுபிஐயிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டக்கூடிய, ரூபாயில் பில் போடும் சேவைக்கு முதலிடம் கொடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் வாங்கும்போதே எண்ணைக் கொடுத்துவிட்டால் உள்ளூர்ச் சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், அதாவது கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சேவையானால் எதிர்முறை வரிப் பொறுப்பு (விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே ஜி.எஸ்.டி. கட்டுவது) நம் பக்கம் வரும். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டியவர் மார்ச் 31 அன்று மீதியை முன்செலுத்திய செலவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சொந்தக் கணக்கில்தான் இதையெல்லாம் நாம் மறப்போம்.

எட்டாம் படி: ஏற்றுவதும், எழுதும் சொற்களும்

வேலையைத் தொடங்க மாதத்தின் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையும் டிசம்பரும் வேண்டாம். என் தளத்தை ஆனித் தேரோட்டத்தன்று உள்ளூர் விடுமுறையில்தான் ஏற்றினேன். டவுண் முழுவதும் ரதவீதியில் நின்றதால் ஒரு போன்கூட வரவில்லை.

எழுதும்போது ஒரு சொல்லில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஊரில் கணக்கு எழுதும் எல்லாரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறார்கள். நாமும் வாயால் மறுப்பதில்லை. ஆனால் எழுத்தில் அப்படிப் போடக் கூடாது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் அல்லாத ஒருவர் தம்மை உறுப்பினராகக் காட்டிக்கொள்வது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. கணக்கு எழுதுதல், ஜி.எஸ்.டி. தாக்கல், சம்பளப் பட்டியல் என்று செய்யும் வேலையின் பெயரையே போடுங்கள், ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு பெற்றிருந்தால் அதைச் சொல்லலாம். தணிக்கை தேவைப்படுவோரை எந்த முறையில் பட்டயக் கணக்காளரிடம் அனுப்புவீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால், வெளியூர் மகன் அதைப் படித்துவிட்டுத்தான் அழைப்பார். பார்ட்டிகளின் பெயர்ப் பட்டியலைப் போட வேண்டாம். தன் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கடைக்காரருக்குத் தெரிவதை நம் ஊர் வியாபாரி விரும்புவதில்லை.

எல்லாம் ஏறிய பிறகு, பணம் திரும்பப் பெறும் காலம் முடிவதற்குள் வெளியேறும் சோதனையைச் செய்யுங்கள்: முழுத் தளத்தையும் கீழிறக்கி, பென்டிரைவில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸானால் கோப்புகளும் டேட்டாபேஸும் இரண்டும் வந்திருக்க வேண்டும். மற்றவற்றில் குறைந்தது எழுத்தும் படங்களுமாவது கையில் இருக்க வேண்டும். பிறகு டொமைன் பதிவாளர், ஹோஸ்டிங், மின்னஞ்சல் ஆகிய மூன்றின் கணக்குப் பெயர், ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, காலாவதித் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். ஏப்ரலில் புதிய ஆண்டுக் கணக்குக்குத் தொடக்க இருப்புகளை எடுத்து எழுதும் நாளன்று நான் அந்த நோட்டையும் வெளியே எடுத்து, டொமைன் தேதியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான பணத்தை அன்றே கட்டிவிடுகிறேன்.